குவியல் காவல்

அக்டோபர் 7, செவ்வாய்

கொள்முதல் நிலையத்து வாசலில் நான்காவது ராத்திரி. எங்கள் குறுவை நெல்லுக்கு முன்னால் இன்னும் பதினோரு குவியல் நிற்கிறது. ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடை போட மாட்டார்கள். பகலில் காலால் கிளறிக் காய வைப்பது, தூறல் விழுந்தால் ஓடிப்போய்ப் படுதா மூடுவது, இதுதான் பிழைப்பு. இன்று குவியலுக்குள் கை விட்டுப் பார்த்தேன், உள்ளே வெதவெதவென்று சூடு. இனி தூங்கினாற்போலத்தான்.

அப்பாவுக்கு 71, எனக்கு 46, அண்ணன் மகனுக்கு 22. ஆளுக்கு மூன்று மணி நேரம் படுத்தால் அதிகம்.

அக்டோபர் 8, புதன்

ஊரையே சிரிக்க வைக்கிற பயல் வாயே திறக்கவில்லை. டீக்கடைக்காரர் வம்புக்கு இழுத்தும் பதில் இல்லை. "எதுவுமே பிடிக்கல சித்தப்பா" என்றான். "ஒன்பது மணிக்குப் படுன்னா போனை நோண்டிக்கிட்டுக் கெடக்குற, அப்புறம் எப்படிப் பிடிக்கும்?" என்று கத்தினேன். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடமும் கத்தல், ரசத்தில் உப்பு கம்மியாம். அவள் நிதானமாகச் சொன்னாள்: "நேத்தும் இதே உப்புதான்."

அப்பா வேப்பமரத்தடியில் துண்டை விரித்துக் கால் மணி நேரம் கண்ணயர்ந்தார். எழுந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பக்கத்துக் குவியல்காரரிடம் மேட்டூர்த் தண்ணீர்க் கதை பேச உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

விழித்திருந்த நேரத்தில் போனில் தூக்கம் கெடுவதைப் பற்றியே படித்தேன். தூக்கம் கெட்டால் கோபம் வருவது இருக்கட்டும், அதைவிடத் தெளிவாகத் தெரிவது சந்தோஷம் வற்றிப்போவதுதானாம். 2007இல் அமெரிக்காவில் இளவயதினரை ஓர் இரவு முழுக்க விழிக்க வைத்து, மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். பயம், பதற்றத்துக்கான மூளைப் பகுதியான அமிக்டலா, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியிருக்கிறது. ஓரிரு நாள் விழிப்பை ஆரோக்கியமான வயதானவர்கள் இளசுகளைவிட நன்றாகவே தாங்குகிறார்கள்.

இன்னொன்றும் உறைத்தது. இருபது வயதை ஒட்டித்தான் உடம்புக் கடிகாரம் ரொம்பப் பிந்தி ஓடும். ஒன்பது மணிக்குப் படுத்தால் அவனுக்கு எங்கே தூக்கம் வரும்? அப்பா வயதில் அது முந்திக்கொள்ளும். நடுவில் நான், "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். 2003இல் வந்த ஓர் ஆய்வில், தினமும் ஆறு மணி நேரமே தூங்கியவர்கள் இரண்டே வாரத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களைப்போலத் தடுமாறினார்கள். ஆனால் தூக்கக் கலக்கம் லேசாகத்தான் இருக்கிறது என்றார்களாம். என்னைப் பார்த்தே எழுதியதுபோல இருந்தது.

முறையை மாற்றிவிட்டோம். இரண்டு மணி வரை பயல் காவல், அதற்கப்புறம் எட்டரைக்கே படுத்துவிட்ட அப்பா. என்னை வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

எடை முடிந்தது. பயல் நேற்று பன்னிரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, என் மீசை நரையைக் கிண்டலடித்தான். சரி, ஆள் திரும்பிவிட்டான்.

விடியற்காலை மூன்று மணிக்குத் திண்ணையில் அப்பா. காவல் காக்க இப்போது நெல்லும் இல்லை. அம்மா போனதிலிருந்தே இப்படித்தான், நாங்கள்தான் வயசு என்று விட்டுவிட்டோம். ஓரிரு ராத்திரி விழிப்பு வேறு, வருஷக்கணக்கில் தூக்கம் வராமல் கிடப்பது வேறு. அப்படிக் கிடப்பவர்களை மனச்சோர்வு பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அந்த வியாழக்கிழமைதான் போனில் படித்திருந்தேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "டாக்டரைப் பார்ப்போமாப்பா?"

"நெல்லுப் பணம் வரட்டும்டா" என்றார்.