960 மூலைகளும் ஒரு வைப்பர் ரப்பரும்

போன சனிக்கிழமை முன்னறை ஜன்னலின் இருபது கட்டங்களையும் உள்ளும் புறமுமாக முப்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தேன். இதே ஜன்னலுக்குப் புரட்டாசியில் இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. அன்று முடித்துவிட்டு வெயில் படும்போது பார்த்தால், துடைப்பதற்கு முன்பே நன்றாக இருந்ததோ என்று தோன்றியது. ஆகவே இந்த முப்பத்தெட்டு நிமிடத்தைப் பற்றி நான்கு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் இருப்பவர்கள் கேட்டுச் சலித்துவிட்டார்கள்.

அம்பாசமுத்திரத்தில் தாத்தா கட்டிய வீடு. ஆறு ஜன்னல்கள். ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு. ஒரு கதவில் பத்துக் கட்டம். ஒரு கட்டம் ஆறுக்கு எட்டு அங்குலம். மொத்தம் 120 கட்டங்கள், இரு புறமும் சேர்த்தால் 240 முகங்கள், 960 மூலைகள். தாத்தா காலத்தில் பெரிய கண்ணாடி வாங்க வசதியில்லையா, ஆசாரிக்குக் குறுக்குச் சட்டம் அடிப்பதில் அவ்வளவு ஆசையா, தெரியவில்லை. இருவரையும் கேட்க வழியில்லை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு ஜன்னலில் இருக்கும் கண்ணாடியின் பரப்பு ஏழு சதுர அடிகூட இல்லை. அது ஒரே கண்ணாடியாக இருந்தால் சுற்றளவு பத்தடிச் சொச்சம். இருபது கட்டங்களாக இருப்பதால் ஒரு பக்கத்துக்கு மட்டும் விளிம்பின் நீளம் நாற்பத்தாறு அடியைத் தாண்டுகிறது. கண்ணாடியின் நடுவைத் துடைக்கச் சிறுபிள்ளைக்கும் தெரியும். அழுக்கு, ஈரம், சோப்பு எல்லாம் போய் ஒளிந்துகொள்வது விளிம்பில்தான். துணியால் வட்டமாகத் துடைக்கத் துடைக்க நடுவில் இருந்த அழுக்கும் மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். புரட்டாசியில் நான் செய்தது அதுதான்: 120 கட்டங்களிலும் நடுவில் நிலா மாதிரி ஒரு வெளிச்சம், சுற்றிலும் மேகம்.

செய்தித்தாளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பீர்கள். அம்மாவுக்கு அதில்தான் நம்பிக்கை. "தாளை நனைத்துத் துடைத்தால் போதும், இதற்குப் போய் இவ்வளவு சாமானா?" என்று தினமும் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போவாள். பெரிய கண்ணாடிக்குத் தாள் நன்றாகவே வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆறங்குலக் கட்டத்தில் தாளைச் சுருட்டித் தேய்த்தால் பாதி நேரம் அது உரசுவது சட்டத்தின் மேல். வெள்ளைப் பெயிண்ட் அடித்த சட்டம் முழுக்க அச்சு மையின் கறுப்பு. அந்தக் கறுப்பைத் துடைக்க இன்னொரு அரை மணி.

இனி வைப்பருக்கு, அதாவது கண்ணாடியிலிருந்து தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் வைத்த பிடிக்கு, வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

இங்கே கடைகளில் எனக்குக் கிடைத்த கை வைப்பர்களில் மிகச் சிறியதே எட்டங்குலம். என் கட்டமோ ஆறு. சரி, வெட்டிக்கொள்ளலாம் என்று ஹேக்ஸா பிளேடால் அலுமினியப் பிடியையும் ரப்பரையும் ஒன்றாகச் சேர்த்து அறுத்தேன். முட்டாள்தனம். ரம்பம் ரப்பரைக் கடித்துக் குதறிவிட்டது. ஓரம் பல் பல்லாக இருந்ததால் ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணாடியில் நான்கைந்து நீர்க்கோடுகள். அறுபட்ட அலுமினிய முனையில் நின்ற பிசிர், மூன்று கட்டங்களில், கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் ஓரப் பட்டியைக் (putty) கீறிவிட்டது. கண்ணாடியைக் கீறாமல் விட்டதே பெரிது. இப்போது அறுத்த முனைகளை அரத்தால் ராவி, அதன்மேல் நகப்பூச்சு ஒரு கை அடித்துவைக்கிறேன்.

இரண்டாவது முயற்சியில் ரப்பரைத் தனியாகக் கழற்றி, கட்டத்தின் அகலம் எவ்வளவோ சரியாக அவ்வளவுக்கே, 152 மில்லிமீட்டருக்கு, வெட்டினேன். முதல் கட்டத்தில் அருமையாக இறங்கியது. இரண்டாவதில் பாதியில் சிக்கி நின்றது. அளந்து பார்த்தபோதுதான் ஆசாரியின் கைவண்ணம் தெரிந்தது. 120 கட்டங்களில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. மிகக் குறுகியது 148, மிக அகலமானது 154. கண்ணுக்குத் தெரியாத ஆறு மில்லிமீட்டர், ரப்பருக்குத் தெரிகிறது. முனை சட்டத்தில் முட்டி மடங்கினால் அந்த இடத்தில் ரப்பர் கண்ணாடியை விட்டு எழும்பி, விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி நீளமாக ஒரு ஈரக்கோடு விழுகிறது.

மூன்றாவது முறை மிகக் குறுகிய கட்டத்தை அளவாக வைத்துக்கொண்டேன். அலுமினியப் பிடி 140, ரப்பர் 146. பிடியைவிட ரப்பர் இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நீட்டல்தான் விளிம்பைத் தொடும். பிடி தொட்டால் பெயிண்ட் போய்விடும். அகலமான கட்டங்களில் பக்கத்துக்கு நான்கு மில்லிமீட்டர் வரை ஈரம் தங்கும். அதைத் துணி முனையால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம்.

ரப்பர் எது என்பதிலும் அலைந்தேன். சைக்கிள் டியூபை வெட்டிப் பார்த்தேன்: மிருது அதிகம், கறுப்புத் தீற்றல் வேறு. பழைய கார் வைப்பரில் உருவியது ஓரம் தேய்ந்திருந்தது. கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில், கார் வைப்பருக்குள் சொருகும் புது ரப்பர் மட்டும் தனியாகக் கேட்டேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார் கடைக்காரர். ஜன்னலுக்கு என்றேன். "அண்ணாச்சி, கார் ஜன்னலுக்கு வைப்பர் எதற்கு?" என்று சிரித்தார். வீட்டு ஜன்னலுக்கு என்று சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார். ஒரு நீள ரப்பரில் எனக்கு மூன்று துண்டு கிடைத்தது. என் பிடியின் பள்ளத்துக்கு அது கொஞ்சம் மெலிவு. இரு பக்கமும் சைக்கிள் டியூப் கீற்று வைத்துச் செருகியதும் இறுகிவிட்டது. டியூப் வீணாகவில்லை.

வெட்டுவதில் ஒரு நுணுக்கம். புதுச் சவர பிளேடு, கீழே மரப்பலகை, மேலே இரும்பு அளவுகோல், ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு தேவைப்பட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள். நான் கஞ்சத்தனம் பார்த்து ஒரு துண்டை வைத்துக்கொண்டேன். அது இன்றுவரை கோடு போட்டுக்கொண்டிருக்கிறது.

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான், நான் மாற்றிக்கொண்டவற்றை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் தெளிப்பதை அறவே விட்டுவிட்டேன். தெளித்தால் சட்டமெல்லாம் நனைந்து, கீழே முடித்துவைத்த கட்டத்தில் சொட்டுகிறது. பட்டியும் ஊறுகிறது. ஓரங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, உதறி, மூலை நான்கையும் குத்திவிட்டு நடுவில் ஒரு பூச்சு. ஒரு லிட்டருக்குப் பாத்திரம் விளக்கும் திரவம் இரண்டே சொட்டு. மூன்றாவது சொட்டு மினுமினுப்பைக் கெடுக்கிறது. பிறகு கட்டத்தின் தலைமாட்டில் ஒரு விரல் அகலத்துக்குத் துணியால் உலர்த்திவிட்டு, அந்த உலர்ந்த இடத்தில் ரப்பரை வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கீழ்ச்சட்டத்தின் மேல் நான்காக மடித்த துணி படுத்திருக்கும். வழிந்த தண்ணீர் அதற்குள் போய்விடும். ரப்பரை ஒவ்வொரு இழுப்புக்கும் துடைக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்ட இடமெல்லாம் பின்னால் காட்டிக்கொடுத்துவிட்டது.

துணி என்றால் பழைய வேட்டி. பல வருஷம் துவைத்துக் கஞ்சியும் பிசிரும் போன நாலு முழம். புதுத் துணி ஈரத்தை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும். டெர்ரி டவல் பஞ்சு பஞ்சாக ஒட்டும்.

மூலைக்கு ஈர்க்குச்சி! தென்னை விளக்குமாற்றிலிருந்து தடித்ததாக ஒன்றை உருவி, முனையைப் பல்லால் கடித்துத் தட்டையாக்கி, வேட்டிக் கீற்றைச் சுற்றிக்கொண்டால் 960 மூலைக்கும் அதுவே போதும். மரம் கண்ணாடியைக் கீறாது. இதற்கென்று பிளாஸ்டிக் கருவி ஒன்று தருவித்தேன், அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுவதை விட்டுவிடாதீர்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே ஜன்னல் இடுக்கெல்லாம் மண்ணைக் கொண்டுவந்து நிரப்பிவிடுகிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் மணலின் குவார்ட்ஸ் 7, ஜன்னல் கண்ணாடி 5.5 வாக்கில். ஈரத் துணியில் ஒரு மணல் மாட்டினால் எது எதைக் கீறும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆச்சி அரிக்கேன் விளக்குச் சிம்னியைச் சாம்பலால் தேய்ப்பாள், சல்லடையில் சலித்த பிறகுதான். ஏன் சலிக்கிறாள் என்று அன்று கேட்டதில்லை.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு வாரம் ஏமாந்தேன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. எவ்வளவு நன்றாக வழித்தாலும் காய்ந்தபின் வெள்ளைப் புள்ளி. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீருக்கு மாறியதும் பாதிப் புள்ளி காணாமல் போனது. கார்த்திகை மழையில் மாடியில் அண்டாவை வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரில் மீதியும் போனது. மழை முதல் பத்து நிமிடம் கூரையைக் கழுவட்டும், பிறகு பிடிக்க வேண்டும். ஒரு ஜன்னலுக்கு இரண்டு லிட்டர்கூடச் செலவாவதில்லை என்பதால் ஒரு அண்டா பொங்கல் தாண்டியும் வரும். மழை இல்லாத ஊர்க்காரர்கள் பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடித்த தண்ணீரை வாங்கலாம். உப்பு இல்லாத தண்ணீர் எதுவானாலும் சரி.

முன்பே படிந்துபோன உப்புப் புள்ளிக்கும், வருஷா வருஷம் வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்புக்கும் எலுமிச்சைச் சாறோ வினிகரோதான் மருந்து. சுண்ணாம்புப் பொட்டில் வைத்தால் பொருபொருவென்று நுரைத்துக் கரையும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் மொத்தக் கட்டத்தையும் நனைத்துவிடாதீர்கள். பழைய பட்டி என்பது சாக்குப் (chalk) பொடியும் ஆளி விதை எண்ணெயும் பிசைந்தது. சாக்குப் பொடியும் சுண்ணாம்பின் வகைதான், புளிப்பு அதையும் தின்னும். பின்கட்டு ஜன்னலில் இரண்டு கட்டங்களின் பட்டி சொரசொரவென்று ஆனபிறகு எனக்குப் புத்தி வந்தது. இப்போது ஈர்க்குச்சி முனையில் தொட்டுப் புள்ளியில் மட்டும் வைக்கிறேன். பெயிண்ட் தெறிப்புக்குப் பிளேடு. கண்ணாடி சொதசொதவென்று ஈரமாக இருக்க வேண்டும், பிளேடு முன்னே மட்டும் போக வேண்டும், பின்னுக்கு இழுக்கக் கூடாது. மேல்வரிசையில் இருக்கும் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளில் மட்டும் ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்தேன். நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருந்தது, தப்பித்தேன்.

நேரமும் முக்கியம். வெயில் படும் கண்ணாடியில் சோப்பு வழிப்பதற்குள் காய்ந்துவிடும். கிழக்கு ஜன்னலுக்குச் சாயங்காலம், மேற்குக்குக் காலை. மார்கழியிலும் இந்த ஊரில் பத்து மணி வெயில் வெயில்தான்.

கீழே நான்கு ஜன்னல்களும் முடிந்தன. உள்ளே கம்பி இருப்பதால் எல்லாம் வெளியே நின்றுதான். கதவைப் பாதி திறந்து வைத்தால் இரு முகமும் கைக்கு வரும். மாடி ஜன்னல் இரண்டில் ஒரு கதவு தவிர மற்றவை அப்படியே கிடக்கின்றன. ஏணியில் நின்று செய்ய வீட்டில் அனுமதி இல்லை. அதனால் ஐப்பசியில் கீல் முளையை ஆணி வைத்துத் தட்டிக் கழற்றி, ஒரு கதவைக் கீழே கொண்டுவந்து பத்தமடைப் பாயை விரித்து அதன்மேல் கிடத்திச் செய்தேன். சுத்தம் செய்யச் சொர்க்கம். திரும்ப மாட்டப் போனால், அதற்குள் பெய்த மழையில் மரம் பருத்துக் கதவு நிலையில் உட்காரவில்லை. மூன்று இரவு அந்தப் பாயையே ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டுப் படுத்தோம். இழைத்துவிடலாம் என்றார் ஆசாரி. வேண்டாம், கோடையில் இடுக்கு விழும் என்று நான் மறுத்து, காயும்வரை காத்திருந்தேன். மீதி மூன்று கதவுகளும் பங்குனிக்குத்தான்.

அதுவரை சும்மா இருக்க முடியாதே என்று பட்டி பிசையத் தொடங்கிவிட்டேன். சாக்குப் பொடி எளிதாகக் கிடைத்தது. ஆளி விதை எண்ணெயில் பச்சை எண்ணெய் தனி, காய்ச்சியது தனி, கடைக்காரர்கள் பலருக்கு இரண்டும் ஒன்று. முதல் உருண்டை சப்பாத்தி மாவைப்போல் கையில் ஒட்டிக்கொண்டது, இன்னும் பொடி சேர்க்க வேண்டும். உடைந்த இரண்டு கட்டங்களுக்குக் கண்ணாடியும் தேட வேண்டும். கடையில் கிடைப்பது நான்கு மில்லிமீட்டர், என் சட்டத்தின் பள்ளமோ மெல்லிய பழைய கண்ணாடிக்கு வெட்டியது. இரண்டு மில்லிமீட்டர் கேட்டால் போட்டோ சட்டம் போடும் கடைக்குப் போகச் சொல்கிறார்கள். போகிறேன்.

இதற்கிடையில் புதுத் தொல்லை ஒன்று. சுத்தமான கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து ஒரு தவிட்டுக்குருவி காலை ஆறரை மணிக்கு வந்து முன்னறை ஜன்னலின் கீழ்வரிசையைக் கொத்துகிறது. மூன்று கட்டங்களில் அலகுத் தடமும் எச்சமும். அந்த மூன்றையும் தினமும் வழித்துக்கொண்டிருக்கிறேன், கட்டத்துக்கு ஐம்பது விநாடி ஆகிறது.