முதியோர் உளநலம்: நான் படித்தவையும் எனக்குக் கைகொடுத்தவையும்

உளவளத்துணையில் டிப்ளோமா முடித்துவிட்டு, பாடசாலைப் பிள்ளைகளோடும் குடும்பப் பிணக்குகளோடும் வேலை செய்துகொண்டிருந்தவள் நான். வெள்ளவத்தை, தெகிவளைத் தொடர்மாடிகளில் தனித்து வாழும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பொறுப்பு வந்தபோது பழைய பாடக்குறிப்புகளைப் புரட்டினேன். முதுமைக்கென்று ஓர் அத்தியாயம்கூட இல்லை. பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும், பெற்றோர் இங்கே பூட்டிய கதவுக்குள் என்பது கொழும்பில் இன்று சாதாரணம். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாதியரும் சமூகசேவை உத்தியோகத்தர்களும் இல்லப் பொறுப்பாளர்களும் பலர் என்னைப் போலவே வேலையில் இறங்கிய பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள். இது அவர்களுக்காக.

இணையத்தில் தேடினால் கட்டணப் பாடநெறிகள்தான் முதலில் கண்ணில் படும். டொலரில் பணம் கட்டிச் சேர்ந்தால், பிரித்தானியப் பராமரிப்பு இல்லங்களின் ஒழுங்குவிதிகளிலேயே பாதிப் பாடம் ஓடிவிடும். சான்றிதழ் வேண்டியவர்கள் சேரட்டும். வேலை தெரிய வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனம் இலவசமாகத் தரும் எம்எச்காப் வழிகாட்டியில் தொடங்குவதே நல்லது. இரண்டாம் பதிப்பு 2016இல் வந்தது. உளநல நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்காக எழுதப்பட்டது. டிமென்சியா எனும் மறதிநோய், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் எனத் தனித்தனிப் பகுதிகள் உண்டு. என்ன கேட்பது, பதிலுக்கேற்ப அடுத்து என்ன செய்வது என்று படிப்படியாகக் காட்டுகிறது. நான் படித்தது ஆங்கிலப் பதிப்பு; மொழி எளிமையானது.

முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் டிமென்சியா பகுதியின் முதல் பக்கங்களையாவது படிக்க வேண்டும். அங்கே எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது: இது எப்போதிலிருந்து? குறைந்தது 6 மாதங்களாக மெல்ல மெல்லக் கூடிவந்த மறதி என்றால் டிமென்சியாவை நினைக்கலாம். சில நாட்களுக்குள் திடீரென வந்த குழப்பம், இரவில் கூடுகிறது, நேரமும் இடமும் தெரியவில்லை என்றால் டெலிரியம். அது பெரும்பாலும் உடம்பின் கோளாறு. உடனே வைத்தியரிடம் போக வேண்டும். மனச்சோர்வும் மறதியின் வேடத்தில் வரும். அதற்குச் சிகிச்சை அளித்த பிறகே மறதியை மறுபடி மதிப்பிட வேண்டும்.

நம்மவர்கள் இந்த மூன்றையும் சேர்த்து "அறளை பெயர்ந்துவிட்டது" என்று முடித்துவிடுவார்கள். 78 வயது அம்மா ஒருவரின் மகள் வெளிநாட்டிலிருந்து அழைத்து, "அக்கா, அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது, ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டார். எப்போதிலிருந்து என்றேன். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒழுங்காகப் பேசினாராம். பரிசோதித்தபோது சிறுநீர்த் தொற்று. அடிக்கடி எழுந்து கழிவறைக்குப் போக வேண்டி வருமென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார், அதுவும் கொழும்பு வெயிலில்! தொற்றுக்கு மருந்து எடுத்த பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். இல்லப் பேச்சு அதோடு நின்றது.

டெலிரியத்துக்கென்றே 4ஏடி என்ற இலவசச் சோதனை இருக்கிறது. விழிப்பு எப்படி, வயது, பிறந்த திகதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு தெரிகிறதா, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா, மாற்றம் திடீரென வந்ததா, இவ்வளவுதான். 4 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியமாக இருக்கலாம். (ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் டிசம்பரைச் சட்டை செய்யாமல் பங்குனியில் தொடங்கிச் சித்திரை வரை ஒரே மூச்சில் இறங்கினார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.)

முதியோர் மனச்சோர்வு அளவுகோல் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. முதலில் 30 கேள்விகள், பிறகு 15 கேள்விகளில் குறுகிய வடிவம் வந்தது. ஆம், இல்லை என்ற பதில் போதும். மற்றப் படிவங்களில் வரும் தூக்கமும் பசியும் குறுகிய வடிவத்தில் கேட்கப்படுவதில்லை. முதுமையில் வேறு காரணங்களாலும் அவை குறையும் அல்லவா? ஆனால், வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. ஐந்தாம் மாடி, லிஃப்ட் பழுது, முழங்கால் வலி. "ஓம் பிள்ளை, வீட்டில் இருப்பதுதான் நல்லது" என்றார் ஓர் ஐயா. படிவத்தின்படி அது மனச்சோர்வின் பக்கம் ஒரு புள்ளி. புள்ளியைப் போட்டேன், பக்கத்தில் லிஃப்டையும் குறித்தேன். எண்ணை மட்டும் எழுதி அனுப்பும் அறிக்கைகள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

மொக்கா என்ற 30 புள்ளி நினைவாற்றல் சோதனையை இலங்கைத் தமிழருக்கெனத் தகவமைத்துச் சரிபார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. ஆனால் அதைச் செய்யக் கட்டணப் பயிற்சியும் சான்றும் வேண்டும். அதை நிபுணர்களுக்கு விட்டுவிட்டேன்.

அதைவிட எனக்கு உதவியது முதியோர் பராமரிப்புக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஐகோப் கைநூல். நினைவு, மனநிலை, நடை, உணவு, பார்வை, செவி என்று ஆறையும் சுருக்கமாகச் சோதிக்கச் சொல்கிறது. பூ, கதவு, அரிசி என்ற மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்கலாம். நான் செவியில்தான் தொடங்குகிறேன். கேள்வியே காதில் விழாதவர் தப்பாகப் பதில் சொன்னால் அது மறதி ஆகிவிடாது.

கொழும்பில் நான் போன பயிற்சிப்பட்டறைகளில் பெரும்பகுதி சிங்களத்தில் நடந்தது. ஒன்றில் தமிழ்க் கையேடு உண்டு என்றார்கள். அட்டை மட்டும் தமிழில் இருந்தது. ஆனாலும் போனதில் நட்டமில்லை. தேநீர் இடைவேளையில் அறிமுகமான மூத்த தாதி ஒருவரோடு, சிக்கலானவர்களைப் பற்றி ஆளைச் சொல்லாமல் இப்போதும் பேசுகிறேன். "முதலில் மருந்துப் பையை மேசையில் கொட்டிப் பாருங்கள் தங்கச்சி" என்றவர் அவர்தான். தடுமலுக்கும் அரிப்புக்கும் பாமசியில் வாங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் முதியவர்களைக் குழப்பிவிடும் என்பதை எந்தப் பாடநெறியும் இவ்வளவு அழுத்தமாக எனக்குச் சொல்லவில்லை. டிமென்சியா உள்ளவரைப் பராமரித்துக் களைத்த குடும்பங்களை மருதானையில் உள்ள இலங்கை அல்சைமர் அறக்கட்டளைக்குப் போகச் சொல்கிறேன்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவு கேட்டு விண்ணப்பிக்கலாம். மனச்சோர்வு என்று வந்த சிலரிடம் பேசிப் பார்த்தால் அடியில் கிடப்பது மருந்துச் செலவுக் கவலை.

கடைசியாக நான் பழகியது தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகக் கேட்பது. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது என்று எம்எச்காப் தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் அம்மாவின் வயதுள்ளவரிடம் "உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தீர்களா அம்மா?" என்று கேட்க நாக்கு எழாது. வீட்டில் தனியே உரக்கச் சொல்லிச் சொல்லித்தான் அது வாய்க்கு வந்தது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விட்டு வரக்கூடாது. உளநலப் பிரிவுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துப் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. நான் போகும் வீடுகளில் அதைக் கண்ணாடி போடாமலே வாசிக்கக்கூடிய அளவில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன்.