பூசணம் பூத்த திராட்சையும் என் ஒயின் தேர்வும்

டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் படிப்பின் மூன்றாம் நிலைத் தேர்வுக்குப் படிக்கும்போது பிரான்ஸ் பாடம் என்னை மிரட்டியது. ஊர், திராட்சை, மண் என்று நோட்டு நோட்டாக மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வில் ‘சொத்தேர்ன் ஒயினுக்கு ஏன் இந்த இனிப்பு, ஏன் இந்த விலை?’ என்று கேட்டார்கள். சொத்தேர்ன் என்பது பிரான்சின் போர்தோ வட்டாரத்து இனிப்பு ஒயின். செமியோன், சோவிஞோன் பிளாங்க் என்று இரண்டு திராட்சைப் பெயரை எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் வழியை மாற்றினேன். ஒரு வட்டாரத்துக்கு ஒரே தோட்டம். அதைக் காரணத்தோடு படிப்பது. சொத்தேர்னுக்கு ஷாத்தோ திக்கெம் தோட்டம்.

சிரோன் சிற்றாறு மரநிழலில் ஓடி வருவதால் குளிர்ந்த நீர். அது வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில், இலையுதிர் காலத்தில் விடியற்காலை மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் பூசணம் திராட்சையில் பிடிக்கிறது. மதிய வெயில் ஈரத்தை உலர்த்திவிடுவதால் பழம் அழுகுவதில்லை. பூசணம் தோலைத் துளைக்க, நீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. பழம் சாம்பல் பூசிய கிஸ்மிஸ் மாதிரி சுருங்கிக் கிடக்கும். (ஊறுகாய் ஜாடியில் இப்படிப் பூத்தால் அம்மா அப்படியே கொட்டிவிடுவார்.) எல்லாப் பழமும் ஒரே நாளில் இப்படி ஆகாது. ஆட்கள் திரும்பத் திரும்பத் தோட்டத்துக்குள் போய், சுருங்கியதை மட்டும் பறிக்கிறார்கள். திக்கெமில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும். 2012-இல் பழம் தரமாக அமையாததால் அந்தப் பெயரில் ஒயினே வரவில்லை. விலைக்கான பதில் அங்கேயே இருக்கிறது.

வரலாற்றில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். தோட்டம் 1593-இல் சோவாஜ் குடும்பத்தின் கைக்கு, 1785-இல் திருமணம் மூலம் லூர்-சாலூஸ் குடும்பத்தின் கைக்கு, 1855-இன் போர்தோ ஒயின் தரவரிசையில் இதற்கு மட்டும் தனி உச்ச இடம், இவ்வளவு போதும். மண்ணடியில் களிமண் நீரைத் தேக்குகிறது என்பதால் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வடிகால் குழாய்கள் பதித்தார்கள் என்பதை மட்டும் விடாதீர்கள். மண்ணைப் பற்றிக் கேட்டால் கைகொடுக்கும்.

எழுத்துத் தேர்விலும் சுவைத் தேர்விலும் தனித்தனியே 55 சதவீதம் வேண்டும். அதனால் சுவைப் பயிற்சியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சொத்தேர்னில் வரும் ஆப்ரிகாட், தேன், ஆரஞ்சு மர்மலேட் வாசனைகளைத் தனித்தனியே முகர்ந்து பழகினேன்.

தேர்வில் சொத்தேர்ன் வரவில்லை, ஹங்கேரியின் இனிப்பு ஒயினான டோகாய் வந்தது. அங்கேயும் இரண்டு ஆறுகள், போட்ரோக்கும் டிசாவும், அதே மூடுபனி. ஆற்றின் பெயரையும் திராட்சையின் பெயரையும் மாற்றி, அசூ எனப்படும், பூசணம் பிடித்துச் சுருங்கிய பழத்தை ஊறவைக்கும் முறையைச் சேர்த்து எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.