ஒன்பது புள்ளிகள் போன பிறகு

வட்டார லீக் நடத்தும் அமைப்பிடமிருந்து எங்கள் கால்பந்துக் குழுவுக்கு வந்த தண்டனைக் கடிதம் ஒரே பக்கம்தான். இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி ஓர் ஆட்டத்துக்கு விலக்கப்பட்டிருந்த வீரரை நாங்கள் களமிறக்கியதால், வென்ற அந்த ஆட்டத்தின் 3 புள்ளிகள் பறிக்கப்படுகின்றன, மேலும் 6 புள்ளிகள் குறைக்கப்படுகின்றன, 25,000 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. ஆறு ஆட்டங்களில் 13 புள்ளிகள் எடுத்து இரண்டாம் இடத்தில் இருந்தவர்கள், 4 புள்ளிகளோடு பத்துக் குழுக்களில் கடைசிக்குப் போனோம்.

தவறு எங்களுடையதுதான். அட்டைக் கணக்கை எழுதி வந்த நோட்டில் முதல் மஞ்சள் அட்டை பதிவாகவே இல்லை. அந்த நோட்டு என் பொறுப்பில் இருந்தது. ஆகவே அன்றிரவு கூடிய கூட்டத்தில், நடுவர் குறிப்பே தவறென்று வாதாடலாம் என இளைஞர்கள் சிலர் சொன்னபோது நான் உடன்படவில்லை. பொருளாளர் அண்ணன் மேல்முறையீடே வேண்டாம் என்றார். கட்டணம் 5,000 ரூபாய், தோற்றால் திரும்பி வராது, அடுத்த ஆண்டும் இதே ஆட்களின் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறிய லீக்குகளில் ஆட்டத் தேதி ஒதுக்குபவரும் தண்டனை கொடுப்பவரும் பெரும்பாலும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

என் மனத்தை முடிவு செய்ய வைத்தது எவர்ட்டன் வழக்கு. 2023 நவம்பரில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் நிதி விதியை மீறியதற்காக அந்தக் குழுவுக்கு 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. 14 புள்ளிகளிலிருந்து, எங்களைப் போலவே, 4-க்கு இறங்கியது. மேல்முறையீட்டில் அவர்கள் விதிமீறலை மறுக்கவில்லை. முன்வைத்த ஒன்பது காரணங்களும் தண்டனையின் அளவைப் பற்றியவை. அவற்றில் ஏழு தள்ளுபடியாயின. ஸ்டேடியக் கடன் விஷயத்தில் கிளப் நேர்மையாகப் பேசவில்லை என்று முதல் விசாரணைக் குழு கருதியது பிழை, ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டிய பிற அளவுகோல்களை அது கணக்கில் எடுக்காததும் பிழை என்ற இரண்டு மட்டும் நின்றன. அந்த இரண்டுக்காக 2024 பிப்ரவரியில் 10 என்பது 6 ஆனது. நம் நாட்டிலும், 2012 டிசம்பரில் கொல்கத்தா டெர்பியின், அதாவது அந்நகரின் பரம எதிரிக் குழுவான ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டத்தின், பாதியில் வெளியேறிய மோகன் பகான் குழுவுக்கு விதிக்கப்பட்ட தடை அடுத்த மாதமே நீக்கப்பட்டு, 2 கோடி ரூபாய் அபராதமாகவும் அதுவரை எடுத்த புள்ளிகளின் இழப்பாகவும் மாறியதைப் பயிற்சியாளர் நினைவூட்டினார்.

ஆகவே எங்கள் மனுவின் முதல் வரியிலேயே தவறை ஒப்புக்கொண்டோம். ஆட்டத்தின் 3 புள்ளிகளைத் திரும்பக் கேட்கவுமில்லை. கேள்வி கூடுதலான அந்த 6 புள்ளிகளைப் பற்றியது மட்டுமே. விதிப் புத்தகத்தில் தகுதியற்ற வீரரை ஆடவைத்தால் ஆட்டம் பறிபோகும் என்று தெளிவாக இருந்தது. அதற்கு மேற்பட்ட குறைப்பு "குழுவின் விருப்புரிமை", அதாவது தண்டனை கொடுப்பவர்களின் விருப்பம், என்ற இரு சொற்களில் அடங்கியிருந்தது. எந்தக் காரணத்தால் 6 என்று கடிதம் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. பழைய சுற்றறிக்கைகளைக் கோத்து வைத்திருந்த கோப்பைப் புரட்டியபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தவறுக்கு இன்னொரு குழு ஆட்டத்தை மட்டும் இழந்த அறிவிப்பு, துருப்பிடித்த குண்டூசியோடு கிடைத்தது. அதையும், எங்கள் வீரர் 78-ஆவது நிமிடத்தில், நாங்கள் 3-0 என முன்னிலையில் இருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் என்று காட்டும் ஆட்டத் தாளின் நகலையும் இணைத்தோம். மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்று விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்த பிறகே கையெழுத்திட்டேன். இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

விசாரணை இருபது நிமிடங்களில் முடிந்தது. ஏன் சரிபார்க்கவில்லை என்று தலைவர் கேட்டார். நோட்டில் எழுத மறந்தவன் நான்தான் என்றேன். நீண்ட விளக்கத்தை எதிர்பார்த்திருந்தார் போலும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பழைய அறிவிப்பைக் கேட்டு வாங்கினார். மற்ற இருவரும் அதை முதன்முறையாகப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

பத்து நாள் கழித்து வந்த முடிவில் 6 புள்ளிகள் 3 ஆகியிருந்தன. அபராதத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை. மீதமிருந்த மூன்று ஆட்டங்களில் ஒரு வெற்றி, ஒரு சமன் என 4 புள்ளிகள் எடுத்து 11 புள்ளிகளோடு முடித்தோம். கடைசி இரண்டு குழுக்கள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டன. ஒன்பதாம் இடத்தில் இருந்த குழுவுக்கு 7 புள்ளிகள். மேல்முறையீடே செய்யாதிருந்தாலும் 8 புள்ளிகளோடு தப்பித்திருப்போம் என்பதைப் பொருளாளர் அண்ணன் ஒவ்வொரு கூட்டத்திலும் எடுத்துச் சொல்கிறார். மனுவில் கையெழுத்திட்ட அன்று அந்த மூன்று ஆட்டங்களும் இன்னும் ஆடப்படவில்லை என்று நானும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறேன். பாதி வென்றதற்குக் கட்டணம் திரும்பி வருமா என்று கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.