உப்புத் தண்ணீரும் ஐந்து ஆம்பியரும்

மார்ச் 3

மொபைல் ரிப்பேர் கடையைக் காலி செய்தவரிடம் வாங்கிய டிசி பவர் சப்ளை மேசையில் சும்மா கிடந்தது. அதை வைத்து உப்புத் தண்ணீரிலிருந்து குடிநீர்த் தொட்டிக்கான குளோரின் கிருமிநாசினி செய்து பார்க்க ஆசை. ஒரு லிட்டர் தண்ணீர், 30 கிராம் வேதாரண்யம் கல்லுப்பு, இரண்டு எவர்சில்வர் ஸ்பூன். கரன்ட் கொடுத்ததும் நுரை வந்தது. பத்து நிமிடத்தில் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, பிளஸ் பக்க ஸ்பூன் அரித்துப் போயிருந்தது. எவர்சில்வரில் குரோமியம் உண்டு. இப்படிக் கரையும்போது அதில் ஒரு பங்கு ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும். ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்த அதே சரக்கு. வாசலில் ஊற்ற மனம் வரவில்லை. டப்பாவில் அடைத்து ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். வீடியோக்களில் நிறையப் பேர் ஸ்பூனைத்தான் போடுகிறார்கள், வயிற்றைக் கலக்குகிறது.

மார்ச் 5

பழைய டார்ச் செல்லை உடைத்து எடுத்த கார்பன் குச்சி. இந்த முறை பிளீச்சிங் வாசம் வந்தது. கூடவே கரியும் வந்தது. பிளஸ் பக்கம் கொஞ்சம் ஆக்சிஜனும் உண்டாகிறது, அது கார்பனைத் தின்கிறது. ஒரு மணி நேரத்தில் பேனா மை மாதிரி ஆகிவிட்டது. வடிகட்டியும் பயனில்லை.

மார்ச் 14

டைட்டானியம் வலை வந்து சேர்ந்தது. உள்ளங்கை அளவு, ரூத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசியது, பார்க்க அடுப்புக்கரி நிறம். வெறும் டைட்டானியத்தை பிளஸில் போட்டால் தன்மேல் ஆக்சைடு தோல் போர்த்திக்கொண்டு கரன்டை நிறுத்திவிடும், பூச்சுதான் எல்லாம். 1960களில் ஹென்றி பீர் கண்டுபிடித்த வித்தை. நம் காரைக்குடி சிக்ரியிலும் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இந்த வகை மின்வாய்களில் வேலை நடந்திருக்கிறது.

5 வோல்ட், 5 ஆம்பியர். வலையிலிருந்து குமிழி கிளம்புவது தெரிகிறது, தண்ணீரோ கண்ணாடி மாதிரி அப்படியே இருக்கிறது. மைனஸ் பக்கம்தான் கூத்து: சோடா உடைத்த மாதிரி பொடிப்பொடியாக ஹைட்ரஜன் ஏறி, மேலே வெள்ளைப் புகைபோலப் படர்கிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு. அதனால் மூடி போடவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன், சாமி விளக்கும் இன்று தள்ளிப்போனது. பிளஸில் பிறக்கும் குளோரின், மைனஸில் மிஞ்சும் காரத்தோடு அதே பாத்திரத்தில் கலந்து ஹைப்போகுளோரைட் ஆகிறது, கிருமியைக் கொல்லும் பிளீச்சிங் சரக்கு அதுதான். நடுவே தடுப்பு வைத்தால் குளோரினும் காஸ்டிக் சோடாவும் தனித்தனியாக வரும், அது ஆலைக்காரர்கள் பாடு. சூடு 40 டிகிரியைத் தாண்டினால் வேண்டாத குளோரேட் உப்பு கூடும் என்பதால் ஜாடியைத் தண்ணீர் பேசினில் இறக்கி வைத்தேன்.

1915-ல் அக்விடானியா மருத்துவக் கப்பலில் ஆங்கிலேய வேதியியலாளர் ஹென்றி டாக்கின் கடல்நீரிலேயே இதைச் செய்து, கிருமிநாசினி தயாரித்திருக்கிறார். அவருக்குக் கப்பல் கொடுத்தார்கள், எனக்குச் சமையலறையில் பாதி மேடை.

மார்ச் 15

வாசத்தை நம்பி அளவு சொல்ல முடியாது. வேதியியல் ஆசிரியர் நண்பர் வீட்டில் டைட்ரேஷன், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதை வைத்து அளப்பது. பொட்டாசியம் அயோடைடும் அமிலமும் விட்டதும் காபி டிகாக்‌ஷன் நிறம். தையோசல்பேட் சொட்ட வைக்கோல் மஞ்சளாகி, ஸ்டார்ச் விட்டதும் கருநீலம், கடைசிச் சொட்டில் சட்டென்று ஒன்றுமில்லை. லிட்டருக்கு 3.8 கிராம் குளோரின். ஐந்து ஆம்பியர் ஒரு மணி நேரத்துக்கு ஏட்டுக்கணக்கு 6.6. பரவாயில்லை.

பாதியை ஜன்னலோரம் கண்ணாடிப் பாட்டிலில் வைத்தேன், பாதியைக் கறுப்புக் காகிதம் சுற்றி பீரோவில்.

மார்ச் 19

போர் தண்ணீரின் சுண்ணாம்பு மைனஸ் தகட்டில் வெள்ளையாக ஏறிவிட்டது. வினிகர் ஊற்றினால் போகும் என்று தெரியும். ஜாடியைக் காலி செய்யாமலே ஊற்றினேன். இவ்வளவு படித்தும் புத்தி எங்கே போனதோ! மஞ்சள் பச்சையாக மூக்கில் அறைந்தது. இருமிக்கொண்டே ஜாடியைக் கொல்லைக்குத் தூக்கிப் போனேன். ஹைப்போகுளோரைட்டில் அமிலம் பட்டால் குளோரின்தான். இன்றைக்கு முழுக்கத் தொண்டை கரகரப்பு. வீட்டில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மார்ச் 22

பீரோ பாட்டில் 3.5. ஜன்னல் பாட்டில் 1.1.

நேற்றுப் போட்ட புது ஜாடியில் 260 மில்லியை 1000 லிட்டர் மாடித் தொட்டியில் கலந்து, அரை மணி கழித்துக் குழாயில் குளோரோஸ்கோப் (தண்ணீரில் மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் கருவி) பிடித்தேன். இளமஞ்சள், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். ஊர் டேங்க் ஆபரேட்டர் அண்ணன் வந்து பார்த்தார்.

“நம்ம 30 ஆயிரம் லிட்டர் டேங்குக்கு எவ்வளவு வேணும் தம்பி?”

“எட்டு லிட்டர், அண்ணே. எட்டு மணி நேரம் ஆகும்.”

“நான் 120 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்திட்டுப் போயிடுவேன்.”

அவர் மூட்டை பிரித்து இரண்டு மாதமாகிறது, கட்டிதட்டிப் போயிருக்கிறது, அதில் எவ்வளவு வீரியம் மிச்சம் என்று அளந்தீர்களா என்றேன். கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்தார்.

“நாளைக்கு ஒரு கைப்பிடி கொண்டு வாரேன். அந்தக் காபி கலர் தண்ணியில போட்டுப் பாத்துச் சொல்லு.”