முட்டை ஹினா: தாள் பல்லிளிக்காமல் ஒட்டியாச்சு

மூன்று முட்டை வீணான பிறகு நான்காவதில் சரியாக வந்தது. ராஜாவின் கிமோனோவில் ஒரு இடத்தில்கூட வெள்ளை ஓடு எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 3-ஆம் தேதி ஹினாமத்சுரி என்கிற பொம்மைத் திருவிழாவுக்கு ஜப்பானிய வீடுகளில் வைக்கும் ராஜா ராணி ஜோடியை முட்டை ஓட்டில் செய்வதுதான் தமகோபினா. முழு வரிசை என்றால் 7 படி, 15 பொம்மை, சிவப்புத் துணி. நம்ம கொலுவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். முட்டை ஜோடிக்கு அலமாரியில் ஒரு மூலை போதும்.

முட்டையைக் காலி செய்வது பற்றி ஒன்றே ஒன்று. கூரான முனை தலையாக வருவதால் அங்கே துளை போடக்கூடாது. அகன்ற முனையில் மட்டும் 5 மி.மீ. துளை, உள்ளே கம்பியை விட்டுக் கருவைக் கலக்கிவிட்டு, சிரிஞ்சால் காற்றை அடித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். முகத்துக்கு ஓட்டின் வெள்ளையே போதும் என்பதால் நாமக்கல் வெள்ளை முட்டைதான் தோது. நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பு, முகத்துக்கும் சரிவராது, வெளிர் நிறத் தாளுக்கு அடியிலும் தெரியும்.

இனி மூன்று முட்டையைக் காவு வாங்கிய விஷயம். தாளை முட்டையைச் சுற்றிப் பட்டையாக ஒட்டி, அதன் ஓரத்தை இதழ் இதழாக நறுக்கி முனை நோக்கி மடக்குவதுதான் முறை. முதல் இரண்டிலும் இதழ்களை நேர்க்கோட்டு முக்கோணமாக வெட்டியதுதான் தப்பு. கணக்கைப் பாருங்கள். 57 மி.மீ. உயரம், 44 மி.மீ. விட்டமுள்ள முட்டையின் இடுப்புச் சுற்றளவு 138 மி.மீ. பதினாறால் வகுத்தால் ஒரு இதழின் அடி அகலம் சுமார் 8.6 மி.மீ. முனைக்குப் பாதி தூரத்தில் முக்கோணத்தின் அகலம் 4.3-ஆகக் குறைந்துவிடும். ஆனால் அந்த இடத்தில் முட்டை அவ்வளவு சுருங்குவதில்லை, இதழுக்கு 6.1 மி.மீ. வேண்டியிருக்கிறது. மீதி 1.8 மி.மீ. ஒவ்வொரு இதழுக்கு நடுவிலும் வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கிறது. முக்கால் தூரத்திலும் அதே கதை: தேவை 3.3, இருப்பது 2.1.

கோட்டை மறைக்க இதழ்களைக் குறுக்காமல் நேர்ப்பட்டையாகவே விட்டுப் பார்த்தது மூன்றாவது முட்டை. வெள்ளை தெரியவில்லை, ஆனால் முனையில் பதினாறு அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குமிழ் மாதிரி நின்றது. அடிப்பாகம் அதுவே என்பதால் முட்டை உட்காரவே மாட்டேன் என்றது.

ஆக, இதழ் மாவிலை மாதிரி வயிறு வைத்து வளைய வேண்டும். பாதியில் 6.6, முக்காலில் 3.8 என்று அரை மி.மீ. கூட்டி வைத்தால் இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறி உட்காரும். இதழ் பதினாறுதான் சரி. பன்னிரண்டு போட்டால் இதழ் அகலமாகி நடுவில் சுருக்கம் விழுகிறது. இருபத்துநான்கு போட்டால் ஈரத்தில் நூல் நூலாக நழுவுகிறது.

இன்னொரு சூட்சுமம்: முட்டையின் இடுப்பு நட்டநடுவில் இல்லை. இடுப்பிலிருந்து அகன்ற முனைக்கு ஓட்டின் மேல் அளந்தால் 37 மி.மீ., கூரான முனைக்கு 43. தாளின் நடுக்கோட்டை முட்டையின் நடுவில் வைத்தால் ஒரு பக்கம் குறையும், மறுபக்கம் மிஞ்சும். நூலைச் சுற்றி இடுப்பைக் கண்டுபிடித்து, பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

தாளைப் பதினாறு மடிப்பாக மடித்து ஒரே வெட்டில் முடிக்கலாம் என்ற ஆசை வேண்டாம். கிமோனோவுக்கு ஒட்டுகிற சியோகாமி (ஜப்பானிய வண்ண அச்சுத் தாள்), கோசோ என்கிற மல்பெரி வகைச் செடியின் நாரில் செய்தது, நீள நார், தடிமன் உண்டு. எட்டு மடிப்பு தாண்டினால் உள்மடிப்பு நழுவி, உள்ளேயிருக்கும் இதழ் அரை மி.மீ. மெலிந்துவிடும். நான்கு மடிப்பு போதும். மேலே இதழ் வடிவம் வரைந்த மாதிரித் தாளை வைத்து ஸ்டேப்ளர் அடித்து, வளைந்த நகக் கத்தரியால் வெட்ட வேண்டும். கத்தரியை அசைக்காமல் தாளைத் திருப்புங்கள். தையல் கத்தரி இதற்கு லாயக்கே இல்லை.

பசைக்கு வெள்ளைப் பசை (பெவிகால் வகை) மட்டும் போட்டால் திருத்த நேரம் கிடைக்காது, பிதுங்கி வந்தது தாளின் மேல் பளபளவென்று காய்ந்துவிடும். போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையில் கோதுமையின் புரதம் இருப்பதால் மஞ்சளாகும், பூச்சியும் வரும். ஜப்பானில் இதற்குப் பயன்படுவது புரதம் நீக்கிய கோதுமை மாச்சத்து. அதைத் தேடி அலைய வேண்டாம், அல்வாவுக்கு எடுக்கிற கோதுமைப் பால்தான் அது. பாலை ஒரு ராத்திரி வைத்தால் அடியில் படிகிற வெள்ளை மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. சிறு தீயில் பதினைந்து நிமிடம் கிளறினால் வெள்ளை போய்க் கண்ணாடிபோல ஆகும். ஆறியதும் சல்லடையில் தேய்த்துக் கட்டி எடுத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும், பிறகு புளித்துப் பூசணம் பிடிக்கும்.

பசை தடவியதும் தாள் அச்சிட்ட பக்கம் நோக்கிச் சுருண்டுகொள்ளும். பின்பக்கம் தண்ணீர் குடித்து விரிகிறது, மையுள்ள முன்பக்கம் விரிவதில்லை. நமக்கு வேண்டிய வளைவுக்கு நேர் எதிர்! இங்கே பொறுமையிழந்து ஒட்டினால் இதழ் நுனிகள் எழும்பிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் விட்டால் தாள் துவண்டுவிடும், அதன்பின் சொன்னபடி கேட்கும். இதழ்களை வரிசையாக ஒட்டாமல் 1, 9, 5, 13 என்று எதிரெதிராக ஒட்டினால் இழுப்பு சமமாகும். கடைசியில் அடியில் 14 மி.மீ. வட்டம் ஒன்று ஒட்டினால் துளையும் நுனிகளும் மறைந்துவிடும்.

தாள் பற்றி: பட்டுத்துணிச் சாயவேலையின் யூசென் வடிவங்களை அச்சிட்டு வருகிற தாள்தான் இதற்கு அழகு. டோக்கியோ போகிறவர்கள் இருந்தால் யனகாவில் 1864-இல் தொடங்கிய இசேதத்சு கடைக்கும், பொம்மைக் கடைகளுக்குப் பேர்போன அசகுசபாஷிக்கும் பட்டியல் கொடுத்தனுப்புங்கள். வாங்கும்போது பூவின் அளவைப் பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் பூ இருந்தால் இதழாக நறுக்கியதும் என்ன பூவென்றே தெரியாது. ‘யூசென் மாதிரி’ என்று இங்கே கிடைக்கிற பிரிண்டர் தாள்கள் பசை பட்டதும் சிவப்பைக் கக்குகின்றன. ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுவது நல்லது.

காலருக்கு வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மூன்று பட்டை, ஒவ்வொன்றும் ஒன்றரை மி.மீ. தள்ளி. அணிந்திருப்பவரின் இடப்பக்கம் மேலே வர வேண்டும், அதாவது எதிரே பார்க்கும் நமக்கு வலப்பக்கத்துப் பட்டை மேலே தெரியும். மாற்றிப் போட்டால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. படங்களில் நிறைய பேர் இதைத் தலைகீழாகத்தான் போடுகிறார்கள்.

அடுத்து மூன்று தோழிப் பெண்கள் செய்ய வேண்டும், அதற்குக் காடை முட்டை பார்த்து வைத்தாகிவிட்டது. சுற்றளவு குறைவு, பன்னிரண்டு இதழே போதும் என்று தோன்றுகிறது. புள்ளிகள்தான் முகத்தில் அம்மை போட்டதுபோல இருக்கும், வெள்ளை அடிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ராணியை முடிக்கணும். உடம்பு ஒட்டியாச்சு, காலரில் பச்சை பாக்கி, தலைமுடிக்குக் கறுப்புத் தாள் வெட்டவே இல்லை. ராஜாவை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் முடிவாகவில்லை: டோக்கியோ வழக்கப்படி நமக்கு இடப்பக்கம், கியோத்தோ வழக்கப்படி வலப்பக்கம். இப்போதைக்கு ராஜா தனியாக, மோதிரம்போல் ஒட்டிய 25 மி.மீ. தாள் வளையத்தில் உட்கார்ந்திருக்கிறார்.