பத்து வயதுப் பிள்ளையை எங்கே படுக்கவைப்பது?

சிங்கப்பூரில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறக்குறைய எங்கும் போய்விடலாம். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொல்கிறேன். எம்ஆர்டி ரயில் நிலையம் எதுவானாலும் மின்தூக்கி உண்டு. 2020 டிசம்பரிலிருந்து பொதுப் பேருந்து எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும், ஓட்டுநரே இறங்கி வந்து பலகையைப் போட்டு ஏற்றிவிட்டு, பிரேக் போட்டாச்சா என்று பார்த்துவிட்டுத்தான் தன் இருக்கைக்குப் போகிறார். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். ஆக, போய்ச் சேருவதில் கஷ்டமில்லை. போன இடத்தில் என் மகனுக்கு டயப்பர் மாற்ற வேண்டி வந்தால் அவனை எங்கே படுக்கவைப்பது, அதுதான் கஷ்டம்.

மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். பத்து வயது. பெருமூளை வாதம். கால் இரண்டும் விறைப்பு, நிற்க வராது, தானாக உட்காரவும் வராது. எடை முப்பது கிலோவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பேச்சு இல்லை, ஆனால் எல்லாம் புரியும். கண்ணை மேலே உயர்த்தினால் 'சரி', மூடினால் 'வேண்டாம்'. இதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன், உயர்த்தினான். படம் போடட்டுமா என்றேன், இறுக்கி மூடிக்கொண்டான். அதனால் படம் கிடையாது.

அவன் கைக்குழந்தையாக இருந்தவரை எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிய கடைத்தொகுதிகளில் குழந்தைகள் அறை இருக்கும், சுவரில் மடக்கு மேசை, வெந்நீர், சில இடங்களில் சோபாகூட. மூன்று நான்கு வயதில் கால் மேசைக்கு வெளியே தொங்க ஆரம்பித்தது. அப்புறம் அந்த மேசையில் அவனை வைக்கவே பயம், அது தவழும் பிள்ளைகளின் எடைக்குப் போட்டது, திருகாணி கழன்று வந்தால் யார் பதில் சொல்வது. சரி, உடற்குறையுள்ளோர் கழிவறைக்குப் போகலாம் என்றால் அது வேறு ஒருவரை மனத்தில் வைத்துக் கட்டியது. கையில் பலமுள்ள பெரியவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து தானே மாறி உட்காருபவர். அவருக்கு அது நல்ல அறைதான், குறை சொல்ல மாட்டேன். கைக்குழந்தைக்கு ஓர் ஏற்பாடு, தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு ஓர் ஏற்பாடு, நடுவில் இருக்கும் பிள்ளையை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்குத் தரைதான்.

கழிவறைத் தரையில் எப்படி மாற்றுவது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், முகம் சுளிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். முதலில் கிருமிநாசினி போட்டுத் தரையைத் துடைக்க வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் தடிமனான யோகா பாய், அதற்கும் மேல் ஒரு துண்டு. இத்தனை அடுக்கும் சுத்தத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், முதுகில் சில்லென்று ஓடு பட்டால் அவன் தசையெல்லாம் இறுகிவிடும், கால்கள் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அதைப் பிரித்து டயப்பரை உள்ளே விடுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். வீட்டுக்காரர் கூட இருந்தால் அவர் அக்குளுக்கடியில், நான் முழங்காலுக்கடியில், ஒன்று இரண்டு மூன்று சொல்லி இறக்குவோம். நான் மட்டும் போனால், மண்டியிட்டு உட்கார்ந்து அவனை என் தோளில் சாய்த்து மெல்லச் சரித்து இறக்க வேண்டும். இறக்குவதுகூடப் பரவாயில்லை. திரும்பத் தூக்கி நாற்காலியில் வைக்கும்போது இடுப்பு என்னவாகிறது என்பது எனக்கும் என் தைலப் புட்டிக்கும்தான் தெரியும். நமக்கு வெறும் துடைப்போடு விட மனம் வராது, தண்ணீர் வேண்டும். எல்லா இடத்திலும் கைக்குழாய் கிடையாது, அதனால் பையில் ஒரு பெரிய போத்தல். பாதியில் விளக்கு வேறு அணைந்துவிடும், ஆள் நடமாடினால் எரியும் விளக்கு அது, தரையோடு தரையாகக் கிடக்கும் எங்களை அதன் கண்ணுக்குத் தெரியாது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்ட வேண்டும். எரிந்ததும் என்னைப் பார்த்துத் தம்பி சிரி சிரி என்று சிரிப்பான். அந்த அறையில் அவனுக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

இதெல்லாம் அறை காலியாக இருந்தால். கிழக்குப் பக்கம் ஒரு கடைத்தொகுதியில் (பெயர் வேண்டாம்) கதவைத் திறந்தால் பிடிகம்பியில் ஈரத்துணி காய்கிறது, கொக்கியில் காப்பி ஓ (பாலில்லாத காப்பி) பொட்டலம் உறிஞ்சுகுழலோடு தொங்குகிறது, மூலையில் வாளி, துடைப்பம், கழிவறைத் தாள் பெட்டிகள். நடுவில் ஒரு முக்காலியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வாம்மா, வா வா. இரு, எல்லாத்தையும் எடுத்துர்றேன்."

வாளியை வெளியே தள்ளினார். நான் கேட்காமலேயே தரையைக் காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்தார். "தம்பியை எங்கம்மா போட்டு மாத்துவ? கீழயா?"

கீழேதான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய்க் கதவோரம் நின்றுகொண்டு, நாங்கள் முடித்து வரும்வரை யாரையும் கிட்ட வர விடவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர் வேறு எங்கே போய் உட்காருவார்? துப்புரவாளர், காவலர் போன்ற குத்தகை ஊழியர்களுக்கு ஓய்விடம் ஒதுக்குங்கள் என்று அரசாங்கமும் தொழிற்சங்கமும் முதலாளிகள் தரப்பும் சேர்ந்து ஆலோசனைக் குறிப்பே வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தை நிர்வகிப்பவர்கள் அவருக்கும் இடம் ஒதுக்கவில்லை, துடைப்பத்துக்கும் ஒதுக்கவில்லை, இரண்டையும் கொண்டுபோய் என் மகனுடைய அறையில் தள்ளிவிட்டார்கள். என் கோபம் அங்கே.

கல்யாண வீடு இன்னொரு தலைவலி. பழைய மண்டபமாக இருந்தால் ஆண்கள் கழிவறை ஒரு பக்கம், பெண்கள் கழிவறை ஒரு பக்கம், அவ்வளவுதான். சிறுபிள்ளையாக இருந்தவரை பெண்கள் பக்கம் நான் கூட்டிப்போனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இப்போது மீசை முளைக்காத குறைதான், பட்டுப்புடவைகள் எல்லாம் ஒதுங்கி நிற்கின்றன. தூரத்துச் சொந்தத்தில் ஓர் அத்தை கேட்டார், "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இன்னுமா?" "ஆமா அத்தை, இன்னும்தான்" என்றேன். அவர் கெட்டவர் இல்லை, அடுத்த நிமிடமே என் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் தம்பிக்குக் காது நன்றாகக் கேட்கும், அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இதற்குப் பயந்து பெற்றோர்கள் செய்யும் ஒரு வேலை, வெளியே போகிற நாளில் பிள்ளைக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுவது. சிறப்புப் பள்ளி வாசலில் நிற்கும்போது இதை ஏதோ உபாயம் மாதிரி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் ஏற்கெனவே சகஜம், தண்ணீர் குறைந்தால் இன்னும் மோசமாகும், அதோடு இந்த ஊர் வெயில் வேறு. இடம் இல்லாததற்குப் பிள்ளை தாகத்தோடு இருக்க வேண்டுமா?

வேண்டியது என்ன என்பது ஒன்றும் மர்மம் இல்லை. பிரிட்டனில் 2006-இலிருந்து இதற்காகவே ஓர் இயக்கம் நடக்கிறது, 'சேஞ்சிங் பிளேசஸ்' என்று பெயர். பெரியவர்களும் படுக்கக்கூடிய, ஏற்றி இறக்கும் பெஞ்சு, ஆளைத் தூக்கி நகர்த்த மேற்கூரையில் ஒரு தூக்கி, உதவிக்கு வருபவர் இரண்டு பக்கமும் நிற்க இடம், நடுவில் ஒரு திரை. மொத்தம் 12 சதுர மீட்டர், நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஒரு படுக்கையறை அளவு. 2021 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் இது கட்டாயம். இங்கேயும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. தடையில்லாக் கட்டடங்களுக்கான விதி 1990-இலேயே வந்துவிட்டது, திருத்திக்கொண்டும் வருகிறார்கள், 2019 திருத்தத்தில் படுக்கும் பெஞ்சோடு தனி மாற்றும் அறை என்பதும் பெரிய கட்டடங்களுக்குச் சேர்ந்தது. சிக்கல் என்னவென்றால் விதி புதுக் கட்டடத்துக்கும் பெரிய அளவில் புதுப்பிப்பவர்களுக்கும்தான். நாங்கள் போகும் இடங்களோ பழையவை. அத்தை வீட்டுக் கீழ்த்தளக் காப்பிக்கடை, சிராங்கூன் சாலைப் பக்கம் தீபாவளிச் சாமான் வாங்கும் கடைகள், கோயில், மண்டபம்.

கழிவறை விஷயத்தில் உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர் இது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகக் கழிப்பறை நிறுவனத்தை 2001-இல் ஜேக் சிம் தொடங்கியது இங்கேதான். நவம்பர் 19-ஐ உலகக் கழிப்பறை நாளாக ஐநா 2013-இல் ஏற்றுக்கொண்டதும் சிங்கப்பூர் கொண்டுபோன தீர்மானத்தால்தான். தரத்துக்காகக் கொடுத்த நட்சத்திரத்தை வாசலில் ஒட்டிய கழிவறைகள்கூட இருக்கின்றன. அந்த நட்சத்திரத்தைப் பார்த்தபடி பாயை விரிக்கும்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

எங்கள் பாடு இது. தம்பி வகுப்பில் இன்னொரு பையனின் அம்மாவுக்கு வேறு பாடு. அவருடைய பெரிய மகனுக்கு ஆட்டிசம், நன்றாக நடப்பான், பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் கை உலர்த்தும் இயந்திரம் சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். அவன் மிகைப்படுத்தவில்லை. கனடாவின் கால்கரி நகரில் ஒரு சிறுமி இந்த இயந்திரங்களைப் பிள்ளைகளின் காது உயரத்தில் வைத்து அளந்து பார்த்தாள், சில 100 டெசிபெலைத் தாண்டின, 2019-இல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் அது கட்டுரையாகவே வந்தது. தானாக நீர் பாய்ச்சும் கழிவறைக்கு அந்த அம்மா ஒரு வழி வைத்திருக்கிறார், கைப்பையில் எப்போதும் ஒட்டுத்தாள் இருக்கும், சென்சார் மேல் ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் மகனை உட்காரவைப்பார். இவர்கள் உடற்குறையுள்ளோர் கழிவறையிலிருந்து வெளியே வந்தால் வரிசையில் நிற்பவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே. நாற்காலி இருப்பதால் அந்தப் பார்வையிலிருந்து நாங்கள் தப்பித்தோம்.

இப்போதைக்கு எங்களுக்குக் கைகொடுப்பது முதலுதவி அறை. பெரிய கடைத்தொகுதிகள், நீச்சல் வளாகங்கள், சுற்றுலா இடங்கள் பலவற்றில் கட்டிலோடு ஒன்று இருக்கும். தகவல் மேசையில் போய், "என் மகனைப் படுக்கவைத்து மாற்ற வேண்டும், முதலுதவி அறையைப் பத்து நிமிடம் தருவீர்களா" என்று நேரடியாகக் கேளுங்கள். தயங்கித் தயங்கிக் கேட்டால் கழிவறைக்கு வழி காட்டி அனுப்பிவிடுவார்கள். 'படுக்கவைத்து' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவைத்தால் இன்னும் நல்லது.

அந்தக் கிழக்குப் பக்கக் கடைத்தொகுதிக்கு மின்னஞ்சல் எழுதினேன். அந்த அம்மாவை மாட்டிவிடக் கூடாது என்பதால் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துப்புரவுச் சாமான்களுக்கு வேறு இடம் வேண்டும், ஊழியர்கள் உட்கார ஓர் இடம் வேண்டும், சுவரில் மடக்கி வைக்கிற மாதிரி பெரிய பெஞ்சு ஒன்று வேண்டும் என்று மூன்று விஷயம் கேட்டேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. சாமான்களை அகற்றிவிட்டார்களாம். பெஞ்சு பற்றி அடுத்த புதுப்பிப்பின்போது பரிசீலிப்பார்களாம். ஊழியர்கள் உட்காரும் இடத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை. புதுப்பிப்பு எந்த ஆண்டு என்றும், அந்த முக்காலி இப்போது எங்கே இருக்கிறது என்றும் கேட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன்.